காலியான கடைகளில் குடியேறும் மருத்துவம்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கடந்த கால் நூற்றாண்டாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நெருக்கடிகள் ஒரே கட்டடத்தில் வந்து சந்தித்துக்கொண்டிருக்கின்றன. இணைய வணிகத்தோடு போட்டியிட முடியாமல் பெரிய கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டதால், நகர நடுவிலும் புறநகர்ச் சாலையோரங்களிலும் லட்சக்கணக்கான சதுர அடிப் பரப்பு வெறுமையாகக் கிடக்கிறது. அதே ஊர்களில், முதியோர் தொகையும் நாள்பட்ட நோய்களும் பெருகப் பெருக, பழைய மருத்துவமனை வளாகங்கள் இடம் போதாமல் திணறுகின்றன. காலியான கடைக்குள் மருத்துவமனையின் ஒரு பகுதியைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டு குறைகளும் ஒருசேரத் தீரும் என்று திட்டமிடுவோர் பலருக்கும் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் இந்த இடமாற்றம் எல்லா ஊர்களிலும் ஒரே பலனைத் தரவில்லை. சில இடங்களில் அது தலைமுறைகளாக மருத்துவம் எட்டாதிருந்த மக்களைத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறது; சில இடங்களில் ஐந்தாண்டு நிறைவதற்குள் கதவை மூடிக்கொண்டு வெளியேறியிருக்கிறது. யாரைத் தேடி, யார் செலவில், எவருடைய பொறுப்பில் அந்த மருத்துவம் வந்தது என்பதைப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் காரணம் பெருமளவு விளங்கும்.

வணிக வளாகத்துக்குள் மருத்துவம் என்பது புதிய எண்ணமும் அன்று. முழுவதும் கூரையிட்டு, உள்வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் முதல் அமெரிக்க வணிக வளாகமாகக் கருதப்படும் சவுத்டேல், மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஈடைனாவில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். காரிலேயே வாழ்வைக் கழிக்கும் புறநகர் மக்களுக்கு வியன்னாவின் நடைவீதிகளைப் போல ஒரு பொதுவெளி வேண்டும் என்று அவர் விரும்பினார். அதனால் அவரது முதல் திட்டத்தில் கடைகளைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் பூங்காவும் ஏரியும் மருத்துவ மையமும் இடம்பெற்றிருந்தன. நாடெங்கும் பரவியதோ அந்தத் திட்டத்தின் ஒரு துண்டு மட்டுமே: நடுவில் கடைகள், சுற்றிலும் கார் நிறுத்தத்துக்கான சிமென்ட் வெளி. தம் பெயரால் எழுந்தவற்றைக் கண்டு மனம் கசந்த குரூயன், கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். அவர் வரைபடத்தில் இருந்து கைவிடப்பட்ட மருத்துவ மையம், கடைகள் வீழ்ந்த பிறகே அந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்தது.

கடைகள் வீழ்ந்த விதத்தைப் புரிந்துகொள்ள, வணிக வளாகத்தின் பொருளாதாரத்தைச் சிறிது அறிய வேண்டும். வளாகத்தின் இரு முனைகளிலும் துணிமணி முதல் சமையல் பாத்திரம் வரை எல்லாம் விற்கும் பல மாடிப் பேரங்காடி ஒவ்வொன்று அமைக்கப்படும். வணிக மொழியில் இதை நங்கூரக் கடை என்பார்கள். அது கூட்டத்தை இழுத்துவருவதால் குறைந்த வாடகையே செலுத்தும். இரு முனைகளுக்கும் இடையே நடக்கும் கூட்டத்தை நம்பி வாழும் சிறு கடைகளே கூடுதல் வாடகை தந்து வளாகத்தைத் தாங்கும். நங்கூரக் கடை மூடப்பட்டால் தங்கள் வாடகையைக் குறைத்துக்கொள்ளவோ வெளியேறவோ சிறு கடைகளுக்கு உரிமை தரும் பிரிவு பல குத்தகை ஒப்பந்தங்களில் இருப்பதால், ஒரு பெரிய கடையின் மரணம் வளாகம் முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. அமெரிக்காவில் சியர்ஸ் 2018இலும் ஜே.சி. பென்னி 2020இலும் திவால் பாதுகாப்பு கோரின, பிரிட்டனில் பி.ஹெச்.எஸ். 2016இலும் டெபன்ஹாம்ஸ் 2021இலும் தங்கள் கடைகளை மூடின. அதற்குமுன், நோயாளிகள் கார் நிறுத்துமிடத்தை நெடுநேரம் அடைத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தால், மருத்துவப் பயன்பாட்டையே தடைசெய்யும் நிபந்தனைகள் குத்தகைகளில் பரவலாக எழுதப்பட்டிருந்தன. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு இடம் பெயராத, பொருளாதார மந்தத்திலும் ஆள்வரத்துக் குறையாத ஒரு வாடகைதாரர் தேவைப்பட்டபோது, கட்டட உரிமையாளர்கள் அதே நிபந்தனைகளைத் தாங்களே முன்வந்து நீக்கத் தொடங்கினார்கள்.

மருத்துவமனைகளுக்கும் இந்தப் பேரத்தில் தேவை இருந்தது. கண்புரை அறுவை, குடல் உள்நோக்கிப் பரிசோதனை, புற்றுநோய்க்கான ஊசி மருந்து எனப் பல சிகிச்சைகள் இன்று இரவுத் தங்கல் இல்லாமலே முடிந்துவிடுவதால், படுக்கைகளுக்கென்று கட்டப்பட்ட செலவுமிக்க கட்டடத்தில் அவற்றைச் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. பேரங்காடியின் அகன்ற தளம், அகலமான நுழைவாயில், சரக்கேற்றும் பெரிய மின்தூக்கி, வாசலிலேயே பேருந்து நிறுத்தம், ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம் ஆகியவை வெளிநோயாளர் பிரிவுக்குப் பொருத்தமானவை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், மருத்துவமனையின் பல மாடிக் கார் நிறுத்தத்தில் இடம் தேடி அலைந்து, மூன்று தாழ்வாரங்களைக் கடந்து மருத்துவரைப் பார்ப்பதற்கும், தரைத்தளக் கதவு வழியே நேராக உள்ளே நுழைவதற்கும் உள்ள வேறுபாட்டை அவரும் அவரைத் தள்ளிவருபவரும் நன்கு அறிவார்கள்.

எனினும் கடையை மருத்துவமனை ஆக்குவது பெயர்ப்பலகை மாற்றும் வேலை அன்று. துணிக்கடைக்குத் தளத்துக்கு இரண்டு கழிவறைகள் போதும். மருத்துவப் பரிசோதனை அறை ஒவ்வொன்றிலும் கை கழுவும் தொட்டி வேண்டும் என்பதால், கான்கிரீட் தளத்தை நூற்றுக்கணக்கான இடங்களில் துளைத்துக் குழாய் இறக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே அறையின் சுவர்களுக்குள் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயத் தகடு பதிக்க வேண்டும். பல டன் எடையுள்ள எம்.ஆர்.ஐ. கருவியைத் தாங்கும்படி தரையை வலுப்படுத்தி, வெளியிலிருந்து வரும் வானொலி அலைகள் படத்தைக் குலைக்காதபடி அறை முழுவதையும் உலோகக் கூண்டாக்க வேண்டும். சரக்குகளைச் சுவரோரம் அடுக்குவதற்காகவே பேரங்காடிகள் சன்னல் இல்லாமல் கட்டப்பட்டதால், நாள் முழுதும் உள்ளே வேலை செய்யும் செவிலியர்களுக்கும் கவலையோடு காத்திருக்கும் நோயாளிகளுக்கும் வெளிச்சம் வருவதற்கு, கூரையைத் திறக்கவோ சுவரை உடைக்கவோ நேர்கிறது. தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகம் சார்ல்ஸ்டன் நகரின் சிட்டடல் வளாகத்தில் பழைய ஜே.சி. பென்னி கடையை வெளிநோயாளர் மையமாக மாற்றி 2019இன் இறுதியில் திறந்தது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், நூறு ஓக் மரங்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட வளாகத்தின் மேல்தளத்தை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் 2009 அளவில் தன் மருத்துவப் பிரிவுகளாக மாற்றியது. கீழ்த்தளத்தில் கடைகள் தொடர்ந்து நடந்தன. 2020இல் வளாகம் முழுவதையும் அது வாங்கிக்கொண்டது.

இந்த வரலாற்றில் எல்லாவற்றுக்கும் முன்னதாக வைத்துப் பேசவேண்டியது மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனின் அனுபவம். அங்கே 1970இல் திறக்கப்பட்ட ஜாக்சன் வணிக வளாகம், தொடக்கத்தில் நகரின் பெருமையாக இருந்தது. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை நீதிமன்றம் நீக்கிய அதே காலத்தில் வெள்ளையர் குடும்பங்கள் அப்பகுதியை விட்டுப் புறநகர்களுக்கு வெளியேறத் தொடங்கின. அவர்களைப் பின்தொடர்ந்து புதிய வளாகங்கள் வேறு திசையில் எழுந்தன. பேரங்காடிகள் ஒவ்வொன்றாகக் கிளம்ப, கறுப்பின ஏழைக் குடும்பங்கள் சூழ்ந்து வாழும் இடத்தின் நடுவே ஏறத்தாழ 9 லட்சம் சதுர அடிக் கட்டடம் பாழடைந்து நின்றது. அதில் மருத்துவத்தைக் குடியேற்ற முனைந்தவர் குழந்தை மருத்துவர் ஏரன் ஷர்லி. மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தில் பங்கேற்றவர். ஏழைகளுக்கான சமூக மருத்துவ மையங்களைக் கட்டியெழுப்பியதற்காக 1993இல் மக்ஆர்தர் நல்கையைப் பெற்றவர்.

1990களின் நடுவில் ஷர்லியின் முயற்சியால் வளாகம் வாங்கப்பட்டது. வாங்கியது ஒரு வணிக நிறுவனமோ ஒரு மருத்துவமனையோ அன்று. பல்கலைக்கழக மருத்துவ மையமும், கறுப்பினக் கல்வி மரபில் வந்த ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகமும் டூகலூ கல்லூரியும் பங்கேற்ற இலாப நோக்கற்ற ஓர் அறக்கட்டளை. இந்த உடைமை ஏற்பாடே ஜாக்சனைப் பிற முயற்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பல்கலைக்கழகத்தின் வெளிநோயாளர் பிரிவுகள் அங்கே வந்தபோது, நோயாளிகள் பெரும்பாலும் வாழும் இடத்துக்கே மருத்துவம் வந்தது; வளாகத்தின் பராமரிப்பு வேலைகளும் சிறு கடைகளும் அக்கம்பக்கத்தாருக்குப் பிழைப்பாயின. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே இதயநோய் ஏன் கூடுதலாக இருக்கிறது என்பதை அறிய 2000இல் சேர்க்கையைத் தொடங்கி, 5,300க்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜாக்சன் இதய ஆய்வு, தன் பரிசோதனை மையத்தை இதே வளாகத்தில் அமைத்தது. டஸ்கீகியில் மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு 1932 முதல் 1972 வரை சிகிச்சை மறுத்து நோயின் போக்கை மட்டும் கவனித்த அரசு ஆய்வின் நினைவு ஆறாத ஒரு சமூகம், தன் இரத்தத்தை ஆய்வுக்குத் தர இசைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. சோதனை நடந்த இடம் தங்கள் தெருவிலிருந்த, தங்கள் பிள்ளைகள் ஓடித்திரிந்த பழைய கடைவீதி என்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கொள்வது தகும்.

இதற்கு முற்றிலும் வேறான பாதை சில்லறை வணிகத்திலிருந்து தொடங்கியது. 2000இல் மினியாபொலிஸ் வட்டாரத்து மளிகைப் பேரங்காடிகளுக்குள் குயிக்மெட்எக்ஸ் என்ற பெயரில் சிறு மருத்துவக் கூடங்கள் திறக்கப்பட்டன. பின்னர் மினிட்கிளினிக் எனப் பெயர் மாறிய அந்நிறுவனத்தை, மருந்துக்கடைச் சங்கிலியான சி.வி.எஸ். 2006இல் வாங்கியது. தொண்டை அழற்சி, காதுவலி, சிறுநீர்த் தொற்று போன்ற ஒரு சில நோய்களை மட்டும் எடுத்துக்கொள்வது, கட்டணத்தை உணவகத்தின் விலைப்பலகை போல எழுதி வைப்பது, முன்பதிவு கேட்காமலிருப்பது, மருத்துவருக்குப் பதிலாக நோயறிந்து மருந்தெழுத உரிமம் பெற்ற உயர்நிலைச் செவிலியரை அமர்த்துவது என்பவை அதன் வழிமுறைகள். சிகிச்சைக்குமுன் விலையை அறிவது அரிதான அமெரிக்க மருத்துவத்தில் இந்த வெளிப்படைத்தன்மை ஒரு நற்பணி என்பதை மறுக்க இயலாது. வேலை முடிந்து மாலையில்தான் பிள்ளையை மருத்துவரிடம் காட்ட நேரம் கிடைக்கும் தாய்க்கு, இரவு ஏழு மணிக்கும் திறந்திருக்கும் கூடம் பெரிய உதவியே.

ஆனால் அதன் ஆதரவாளர்கள் அளித்த பெரிய வாக்குறுதி, மருத்துவச் செலவு குறையும் என்பது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பதிவுகளைக் கொண்டு ரேண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, சிறுநோய்களுக்காக இக்கூடங்களுக்கு வந்த வருகைகளில் 58 விழுக்காடு, கூடம் இல்லாதிருந்தால் எந்த மருத்துவரிடமும் போயிருக்காதவர்களின் வருகை என்று கணித்தது. மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போவதற்கு மாற்றாக அமைந்தவை 42 விழுக்காடே. இதன் விளைவாக மொத்தச் செலவு, கூடத்தைப் பயன்படுத்திய ஒருவருக்கு ஆண்டுக்கு 14 டாலர் அளவில் கூடியது. தானாக ஆறும் சளிக்கும் ஒரு கட்டணம் பிறந்தது என்று இதைப் படிக்கலாம். முன்பு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர் இப்போது உதவி பெற்றார் என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பிலும் உண்மை உண்டு. ஆயினும் இத்தகைய கூடங்கள் வசதியுள்ள புறநகர்களிலேயே பெரிதும் திறக்கப்பட்டன என்பதை நினைத்தால், உதவி மிகத் தேவைப்பட்டவரை அது எவ்வளவு எட்டியது என்ற கேள்வி நிற்கிறது.

கடையின் நலனும் மருத்துவத்தின் நலனும் மோதும் இடமும் விரைவிலேயே தென்பட்டது. ஒரே கூரையின் கீழ் ஒரு மூலையில் இளைப்புக்கு மருந்தும் கல்லாவின் பின்னே சிகரெட்டும் விற்கும் முரண்பாட்டை உணர்ந்த சி.வி.எஸ்., ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் வருவாய் இழப்பை ஏற்று, 2014இல் புகையிலை விற்பனையை நாடு முழுவதும் நிறுத்தியது. வணிக நிறுவனம் ஒன்று மருத்துவ நெறிக்குப் பணிந்த அரிய நிகழ்வுகளுள் ஒன்றாக இதைப் பாராட்டவே வேண்டும்.

வால்மார்ட்டின் முயற்சி இதைவிட விரிவானது, அதன் முடிவு இதைவிட வருந்தத்தக்கது. 2019இல் ஜார்ஜியா மாநிலத்தின் டல்லஸ் என்னும் சிற்றூரில் தொடங்கி, தன் கடைகளை ஒட்டிப் பொது மருத்துவம், பல் மருத்துவம், இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மனநல ஆலோசனை ஆகியவற்றைக் குறைந்த, முன்கூட்டி அறிவித்த கட்டணத்தில் அது வழங்கியது. காப்பீடு இல்லாதவரும் சிற்றூர்வாசிகளும் வாரந்தோறும் போகும் கடை வால்மார்ட் என்பதால், அமெரிக்க மருத்துவத்தின் பெரும் ஓட்டையை அது அடைக்கும் என்று பலர் நம்பினார்கள். 2024 ஏப்ரல் 30 அன்று, ஐந்து மாநிலங்களில் இருந்த 51 மையங்களையும் மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. காப்பீட்டாளர்களிடமிருந்து தொகை வரும் முறை சாதகமாக இல்லை, இயக்கச் செலவு உயர்ந்துகொண்டே போகிறது என்பவை அது கூறிய காரணங்கள். சோப்பு விற்றால் பணம் அப்போதே கல்லாவில் விழும். மருத்துவம் செய்தால் படிவம் அனுப்பி, மறுப்பைச் சந்தித்து, வாதாடி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் தரும் தொகை, பிற காப்பீடுகள் தருவதைவிடப் பொதுவாகக் குறைவு. வால்கிரீன்ஸ் மருந்துக்கடைச் சங்கிலியும் இதே பாறையில் மோதியது: தன் கடைகளை ஒட்டி நூற்றுக்கணக்கான மருத்துவ மையங்களைத் திறக்கும் நோக்கில் வில்லேஜ்எம்.டி. நிறுவனத்தில் 2021இல் 520 கோடி டாலர் முதலிட்டு, 2024இல் அந்நிறுவனத்தில் தனக்கிருந்த மொத்த முதலீட்டின் மதிப்பில் 580 கோடி டாலரைக் கணக்கில் குறைத்துக்கொண்டு, 160 மையங்களை மூடும் முடிவுக்கு வந்தது.

இந்த மூடல்களைப் பங்குச்சந்தைச் செய்தியாக மட்டும் படிப்பது போதாது. நீரிழிவுக்கு அங்கே தொடர்ந்து மருந்து பெற்றவர், பல்லுக்குப் பாதி சிகிச்சை முடித்தவர், மனநல ஆலோசகரிடம் முதன்முறையாக வாய்திறந்தவர் ஆகியோருக்கு, கடையின் சோப்புப் பிரிவு மூடப்படுவதும் மருத்துவப் பிரிவு மூடப்படுவதும் ஒன்றல்ல. நோயாளியை ஒருமுறை ஏற்றுக்கொண்டபின் அவரைக் கைவிடக் கூடாது என்பது மருத்துவத்தின் பழைய கடமை. காலாண்டுக் கணக்கு சரியில்லாத கிளையை மூடுவது வணிகத்தின் இயல்பு. முதலாவதைச் சட்டத்தாலோ பொதுப்பணத்தாலோ உறுதிசெய்யாமல் இரண்டாவதன் கையில் ஒப்படைத்த இடங்களில்தான் மக்கள் நடுவழியில் நின்றார்கள்.

பொதுப்பணம் பின்னால் நிற்கும்போது கடைவீதி மருத்துவம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம் தெளிவான சான்று. நுரையீரல் புற்றுநோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கும். அதனால் மிகுதியாகத் தாக்குறுபவர்களோ, புகைப்பழக்கத்துக்காகக் கடிந்துகொள்ளப்படுவோம் என்றஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகாத ஏழைத் தொழிலாளர்கள். 2016இல் அந்நகர மருத்துவர்கள், ஹார்ப்பர்ஹே, கார்ட்டன், விதென்ஷா ஆகிய வறுமை மிகுந்த பகுதிகளின் கடைவீதிக் கார் நிறுத்தங்களில், குறைந்த கதிர்வீச்சுள்ள சி.டி. ஸ்கேன் கருவி பொருத்திய வாகனத்தை நிறுத்தினார்கள். அந்தப் பகுதிப் பொது மருத்துவர்களின் பதிவேட்டில் இருந்த, 55 முதல் 74 வயதுக்குட்பட்ட, எப்போதாவது புகைபிடித்த எல்லோருக்கும் அழைப்புக் கடிதம் போனது. அதை நோய்த்தேடல் என்று அழைக்காமல் நுரையீரல் நலச் சோதனை என்றே அழைத்தார்கள். வந்த 2,541 பேரில் ஆபத்து மிகுந்தோராகக் கணிக்கப்பட்ட 1,384 பேருக்கு அங்கேயே ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர்களில் 3 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவற்றுள் 80 விழுக்காடு, அறுவையால் குணமாக்க வாய்ப்புள்ள முதலிரண்டு கட்டங்களில் இருந்தது. இந்தச் சோதனை முயற்சியின் வழியில் இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை 2019இல் திட்டத்தைப் பிற நகரங்களுக்கு விரித்தது. 2023இல் அரசு அதை நாடு தழுவியதாக்க முடிவெடுத்தது. வாகனம் கடைவாசலில் நின்றது வெற்றிக்கு ஒரு காரணம்; பெயர் பெயராக அழைத்த பதிவேடும், கட்டணமில்லாத ஸ்கேனும், நோய் தெரிந்ததும் பொறுப்பேற்க ஒரு மருத்துவமனை தயாராக இருந்ததும் அதனினும் பெரிய காரணங்கள்.

2020 அக்டோபரில் பேராசிரியர் மைக் ரிச்சர்ட்ஸ் தேசிய நலவாழ்வுச் சேவைக்கு அளித்த அறிக்கை இதே சிந்தனையைப் பரிசோதனைகள் அனைத்துக்கும் விரித்தது. மருத்துவமனையில் ஒருவருக்கு ஒதுக்கிய ஸ்கேன் நேரம், விபத்தில் சிக்கியவர் வந்தால் தள்ளிப்போகிறது. எனவே திட்டமிட்ட பரிசோதனைகளை அவசரப் பிரிவிலிருந்து பிரித்து, கடைவீதிகள் போன்ற எளிதில் எட்டும் இடங்களில் சமூகப் பரிசோதனை மையங்களாக அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறு வட லண்டனின் வுட் கிரீன் வணிக வளாகத்திலும், யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி நகரின் கிளாஸ் ஒர்க்ஸ் வளாகத்திலும் 2022இல் மையங்கள் திறந்தன. தென்கரையோர நகரான பூலில், பீல்ஸ் பேரங்காடியின் மாடியில் வெளிநோயாளர் பிரிவு ஒன்று இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சுக்குள் 160 மையங்கள் என்பது அரசின் இலக்காக இருந்தது. நாட்டின் மருத்துவக் காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தாண்டியிருந்த நிலையில் இந்த அவசரம் நியாயமானதே. ஆனால் அவசரத்தில், இடம் எளிதாகக் கிடைத்த பழைய மருத்துவமனை வளாகங்களுக்குள்ளேயே பல மையங்கள் அமைக்கப்பட்டுவிட்டன. அங்கே போக இரண்டு பேருந்து மாறவேண்டியவர் இன்னும் இரண்டு பேருந்து மாறியே போகிறார்.

கடைவீதி மையங்களிலும் கவனிக்கவேண்டிய இடர்கள் உள்ளன. அண்டைவீட்டார் பார்க்க ஒரு பால்வினை நோய்ப் பிரிவுக்குள்ளோ மனநலப் பிரிவுக்குள்ளோ நுழைவது எவருக்கும் எளிதல்ல என்பதால், தனி வாசலும் நோயின் பெயரைச் சொல்லாத பலகையும் வேண்டும். வளாக உரிமையாளர் கைமாறினால் குத்தகை என்னாகும் என்பதை முதல்நாளே எழுதிவைக்க வேண்டும். ஜாக்சனைப் போலக் கட்டடமே பொது அறக்கட்டளையின் உடைமையாக இருந்தால் அந்தக் கவலை குறையும். இவற்றினும் பெரிய தட்டுப்பாட்டை ரிச்சர்ட்ஸ் அறிக்கையே எண்ணிக்கையில் சொல்லியிருந்தது: புதிய மையங்களை இயக்க, ஸ்கேன் படங்களைப் படித்து நோய் சொல்லும் கதிரியல் மருத்துவர்கள் கூடுதலாக 2,000 பேரும், கருவியை இயக்கும் கதிர்ப்பட வல்லுநர்கள் 4,000 பேரும் தேவை. பிரிட்டனில் கதிரியல் மருத்துவர் ஒருவருக்கு, மருத்துவப் படிப்பும் அடிப்படைப் பயிற்சியும் முடிந்தபின், சிறப்புப் பயிற்சி மட்டும் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஐந்தாண்டுகளுக்கான இடங்களையும் ஊதியத்தையும் இப்போதே ஒதுக்காவிட்டால், கடைவீதியில் புதிய கருவியை இயக்குவதற்கு மருத்துவமனையிலிருந்துதான் ஆட்களை அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே விபத்தில் சிக்கி வருபவருக்கான ஸ்கேன் அறையில் அப்போது ஆள் இருக்காது.